கேட்காமல் போட்ட விண்ணப்பம்

நான் ஓய்வு பெற்ற அன்று டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி கையில் டேப்லெட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பத்தொம்போது வருஷமா இங்க இன்னா வேலை செஞ்சீங்கன்னு ஒரு நாலு பாயிண்ட் சொல்லுங்களேன், குரூப்ல போடறேன்" என்றாள்.

"பாயிண்ட்டா? சும்மா இருந்தேம்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கும் அடக்கத்துக்கும் வெகு தூரம். என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நாலு பாயிண்டில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கற்றல் கூடம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஓரத்தில், மூடிப்போன பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றின் ஷெட்டில் நடக்கிறது. ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரை நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். பெரியவர்கள் ஐந்து பேர். வகுப்பு கிடையாது, பாடவேளை கிடையாது. எதைக் கற்பது, எப்போது கற்பது, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் பிள்ளைகளின் முடிவு. அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். பள்ளிக்கூடம் ஒத்துவராமல் வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையைக் கடைசி முயற்சியாக இங்கே கொண்டுவந்து விடுவார்கள். விட்ட மறுமாதமே சந்தேகம் வந்துவிடும்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வருடம் முழுக்க மூன்று பிள்ளைகள் எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளின் நம்பரைக் குறித்துக்கொண்டும் டிரைவர்களோடு பேசிக்கொண்டும் இருந்தார்கள். அதில் ஒருத்தியின் அப்பா வந்து, "இதுக்கா நாஷ்டா கட்டிக் குடுத்து அனுப்பறோம்?" என்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பெண் இப்போது லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் இருக்கிறாள். போனில் இந்தி, தெலுங்கு, ஒரியா என்று மாற்றி மாற்றி டிரைவர்களை விரட்டுகிறாள். அந்த அப்பா என்னைக் கண்டால் இப்போது வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்.

இங்கே வருவதற்கு முன் நான் மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடம் கணக்கு டீச்சர். பேசிப் பேசியே சம்பாதித்த வாய். சேர்ந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தாங்களே நடத்திய சிற்றுண்டிக் கடையின் பலகையில் ஒரு சிறுமி கழித்தலைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கை பரபரத்தது. போய் அழித்துவிட்டுச் சரியான விடையை எழுதினேன். மறுநாள் கூடத்தின் பொதுப் புகார் நோட்டில் எழுதியிருந்தது: "வசந்தி அக்கா என் கணக்கை அழித்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை." ஐந்து பிள்ளைகள் கொண்ட குழு விசாரித்து, இரண்டு வாரத்துக்கு நான் சாக்பீஸைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. பழகுவதற்கு எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் என் பெயரில் ஒன்பது புகார்கள்.

என்னைப் பழக்கியவர் கூடத்தின் பொறுப்பாளர் பிலோமினா அம்மா. எப்போது பார்த்தாலும் மடியில் ஒயர் கூடை ஒன்று பின்னிக்கொண்டிருப்பார். பெரியவர்கள் கையில் சொந்த வேலை ஒன்று இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. கை சும்மா இருந்தால் அது பக்கத்துப் பிள்ளையின் நோட்டுக்குப் போய்விடும் என்பார். எதிரே போய் நின்றால் நிமிர மாட்டார். ஒயரை இழுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டே, "இன்னா வசந்தி, கேக்கறியா, சொல்றியா?" என்பார். கேட்கிறேன் என்றால்தான் பதில் வரும். சொல்கிறேன் என்றால், "சொல்லிட்டு போ" என்பதோடு சரி. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் இறங்கும். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்பார். அந்த "உக்காரு"வுக்கு நாங்கள் மற்ற நாலு பேரும் நடுங்குவோம்.

ஒரு பிள்ளைக்கு ஏதாவது கற்க வேண்டுமென்றால் சீட்டு எழுதித் தர வேண்டும். யாரிடம், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எது மட்டும், எப்போது நிறுத்துவது என்று எல்லாம் அதில் இருக்கும். இருவரும் கையெழுத்துப் போடுவோம். சீட்டில் இல்லாததைச் சொல்லித்தருவது குற்றம். சிரிக்காதீர்கள், எங்கள் கூடத்தில் நிஜமாகவே அது குற்றம்.

இனி ரூபியின் கதை. எழுதலாமா என்று அவளிடம் போனில் கேட்டேன். "எழுதுங்க அக்கா. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க, நான் அழல" என்றாள். அழவில்லை. அது உண்மை.

ரூபி பத்து வயதில் எங்களிடம் வந்தாள். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளியிலிருந்து நின்றுவிட்டு வந்தவள். அந்தப் பள்ளி இருக்கும் தெருப்பக்கமே பல வருடம் போகாமல் இருந்தாள். காயலான் கடையிலிருந்து பழைய பிரஷர் மீட்டர்களை வாங்கி வந்து பிரித்துப் போடுவதுதான் அவளுக்கு வேலை. முள் ஏன் அசைகிறது, எது அதைத் தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே நாலைந்து வருடம் ஓட்டினாள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினாள். பதினேழு வயதில், பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளக்கும் கருவிகளைப் பற்றி, படிக்கப்போகிறேன் என்று அறிவித்தாள். அதற்குப் பத்தாம் வகுப்பு தேவை.

அவள் அப்பா ஏசுபாதம் இரும்பு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மோசமான மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதர். ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேராகக் கூடத்துக்கு வந்தார்.

"மேடம், நான் படிக்காதவன். ஏழு வருஷமா நீங்க சொன்னத கேட்டுக்கினு இருந்தேன். இந்த வருஷம் டென்த் எழுதி பாஸ் பண்ணட்டும், நான் குறுக்க நிக்கல. இல்லாங்காட்டி கிளவுஸ் கம்பெனில சொல்லி வெச்சுக்கிறேன். ஜூன்ல போயி பேக்கிங்ல நிக்கட்டும்."

ரூபி அங்கேதான் நின்றாள். "சரி நைனா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி அட்டவணை போட்டாள். எனக்கு ஒரு சீட்டு வந்தது: "செவ்வாய், வெள்ளி. பத்து முதல் பதினொன்று. அல்ஜீப்ரா மட்டும். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்." மற்ற பாடங்களுக்கு யாருக்கும் சீட்டு இல்லை.

அல்ஜீப்ரா நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் காலை செய்தித்தாளில் ஒரு சிறிய அறிவிப்பைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தேர்வு எழுத முடியாது. கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ரூபியின் அட்டவணையைப் போய்ப் பார்த்தேன். அதில் பதிவு பற்றி ஒரு வரி இல்லை.

அல்ஜீப்ரா மட்டும் என்று கையெழுத்துப் போட்டவள் நான். பிலோமினா அம்மாவிடம் ஓடினேன்.

"கேக்கறியா, சொல்றியா?"

"கேக்கறேன். இத ரூபி கிட்ட சொல்லலாமா?"

"அவ உன்னக் கேட்டாளா?"

"இல்ல."

"பேப்பர் எங்க இருக்குது?"

"பொது மேஜைலதான்."

"அப்போ எல்லாருக்கும்தான் இருக்குது. வேணும்னா வெட்டி போர்டுல குத்து. அது உன் உரிமை. இட்டுக்கினு போயி காட்டாத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒயர் கூடையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஒரு பெண்ணின் ஒரு வருடம், ஒருவேளை வாழ்க்கையே, போர்டில் குத்திய ஒரு துண்டுத்தாளில் இருக்கிறது! வெட்டிக் குத்தினேன். இரண்டு நாள் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரூபி அதைக் கடந்து ஏழெட்டு முறை போனாள். நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தாங்கவில்லை. திருப்பாச்சூரில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிலோமினா அம்மாவிடம் லீவு சொன்னேன். கூடத்தின் பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது. ரூபியின் கோப்பிலிருந்து எட்டாம் வகுப்புச் சான்றிதழின் நகலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் பஸ் பிடித்தேன். கல்வி அலுவலகத்தில் படிவம் வாங்கி நிரப்பினேன். செய்முறைக்கு எந்தப் பள்ளி என்று கேட்டிருந்தது. வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தப் பள்ளியையே எழுதினேன். அவள் எதை விட்டு வந்தாள் என்பது தெரிந்தும் அந்த நேரத்தில் என் புத்திக்கு உறைக்கவில்லை. விண்ணப்பதாரர் கையொப்பம் என்ற இடத்தில் அவள் பெயரை நானே எழுதினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருடம் டீச்சராக இருந்தவள், ஒரு பிள்ளையின் கையெழுத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் போட்டேன்.

கவுன்டரில் இருந்த அம்மாள் படிவத்துக்கு முத்திரை போட்டு, எண் எழுதி, கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு போன வாரமே வந்து பதிவு பண்ணிட்டுப் போயிருக்குதே?"

எட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவள் பெயர்தான்.

அவர் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரூபி பொன்னேரியில் ஒரு பள்ளியைக் கேட்டிருந்தாள். நான் கேட்டது வேறு பள்ளி. கையெழுத்தும் வேறு. "எதும்மா அசலு?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். என்னுடையதைக் கிழித்துப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் திட்டவில்லை. "நம்பர் ஏத்தியாச்சும்மா, நான் கிழிக்க முடியாது. ரெண்டையும் நிறுத்தி வெக்கறேன். நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணே ஒரிஜினலோட வந்து எழுதிக் குடுக்கட்டும். நாளைக்குத்தான் கடைசி நாளு" என்றார். அவர் செய்தது சரி. தப்பு முழுக்க என்னுடையது. சரியாகப் பதிவாகியிருந்த பிள்ளையின் பெயரை நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய்த் தொங்கலில் விட்டிருந்தேன்.

ஊர் திரும்பி நேராக ரூபியின் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஏசுபாதம் ஷிப்டுக்குப் போயிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அறிவியல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். "எந்த ஸ்கூலு எழுதுனீங்க?" என்றாள்.

சொன்னேன்.

"அந்த ஸ்கூலா?" என்றாள். அவள் முகம் பத்து வயது ரூபியின் முகமாக மாறியது. அந்த ஒரு விநாடியைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த ஒரிஜினல்களை எடுத்தாள். "ஆபீஸு எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?"

"பத்து. ரூபி, நானும் வரேன்மா. நான் பேசி..."

"வாணாம்."

"தனியா எப்பிடி..."

"போன வாரம் தனியாத்தான போனேன்" என்றாள்.

மறுநாள் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிடைத்திருக்குமா, அந்த அம்மாள் லீவில் போயிருப்பாரா, கையெழுத்தைப் பார்த்து மேலதிகாரி யாராவது பிரச்சினை கிளப்புவாரா என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. பிலோமினா அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு." உட்கார்ந்தேன். "அம்மாவுக்கு இப்போ ஒடம்பு பரவால்லயா?" என்றார், ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல். குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். அவர் ஒரு கட்டு ஒயரை என் மடியில் போட்டுவிட்டுத் தன் கூடையைப் பின்னினார்.

மூன்றரை மணிக்கு ரூபி வந்தாள். என்னைத் தாண்டி நேராகப் புகார் நோட்டிடம் போனாள். நின்றுகொண்டே எழுதினாள், பேனாவை மூடினாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். எனக்கு வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. அவள் போனதும் நோட்டைத் திறந்து பார்த்தேன்.

"வசந்தி அக்கா நான் கேட்காத உதவியைச் செய்தார். என் சான்றிதழை என்னைக் கேட்காமல் எடுத்தார். என் கையெழுத்தைப் போட்டார். என் விண்ணப்பம் இன்று சரியாகிவிட்டது. ஆனாலும் இது புகார்."

தேர்வு எழுதலாம் என்ற செய்தி எனக்கு என் மேல் எழுதப்பட்ட புகாரில்தான் கிடைத்தது. அந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விசாரணை. அந்த மாதக் குழுவுக்குத் தலைவன் இம்ரான், பதினோரு வயது. அவன் நோட்டைப் படித்துவிட்டு, "அக்கா, ஒத்துக்கிறீங்களா?" என்றான்.

"ஒத்துக்கறேன்."

"ஏன் செஞ்சீங்க?"

"பயந்துட்டேன் இம்ரான்."

அவன் ரூபியைப் பார்த்தான். "ரூபிக்கா, நீங்க பயந்தீங்களா?"

"இல்ல. இவங்க ஊட்டுக்கு வந்து நின்னப்புறம்தான் பயந்தேன்" என்றாள்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது. போர்டில் குத்தியிருந்த தாளைப் பார்த்தாயா என்று குழு கேட்டது. "அதான் முடிச்சிட்டேனே, எதுக்கு நின்னு பாக்கணும்? என்கிட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றாள். கேட்பது! அது யாருக்கும் தடையில்லை. சொல்லக்கூடாது என்ற விதியையே கட்டிக்கொண்டு மல்லாடிய எனக்கு, "பதிவு பண்ணிட்டியா ரூபி?" என்று ஒரு கேள்வி கேட்கலாம் என்பது நாலு நாளும் தோன்றவே இல்லை. அத்தனை வருடம் டீச்சராக இருந்ததில், விடை தெரியாத கேள்வியைக் கேட்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

இம்ரான் பிலோமினா அம்மாவையும் கேட்டான். "லீவு சொல்றப்போ பொய் சொன்னா. அதயும் சேத்து எழுதிக்கோ" என்றார் அவர், என் தோளில் கையை வைத்துக்கொண்டே. பீரோ சாவி அந்த வருடம் முழுக்க என்னிடம் இருக்கக்கூடாது, செய்ததை எழுதிப் பொதுக்கூட்டத்தில் நானே படிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கடைசியாக இம்ரான், "கணக்குச் சீட்ட ரத்து பண்ணிடலாமா?" என்று கேட்டான். ரூபி கொஞ்சம் யோசித்தாள்.

"வாணாம். கணக்கு நல்லாத்தான் சொல்லித் தராங்க. செவ்வா, வெள்ளி வரட்டும். அல்ஜீப்ரா மட்டும்."

நான் வேலை பார்த்த பள்ளியில் பதினோரு வருடம் என் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. நான் தப்பே செய்யாததாலா? சொல்ல அங்கே யாருக்கும் வாய் கிடையாது. பெரியவளின் முகத்துக்கு நேராக நீ செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளைகள் எங்கள் ஷெட்டில் இருந்தார்கள். என்னைத் தண்டித்த கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் பெருமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, பெருமைப்பட்டேன்.

ரூபி தேர்வு எழுதினாள். பாஸ். முடிவு வந்த மறுநாள் காலை ஏசுபாதம் நைட் ஷிப்ட் முடித்து, மில் சட்டையோடு, ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். பாக்ஸை என் கையில் கொடுத்து, "ஒங்களாலதான் மேடம்" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் அல்ஜீப்ரா மட்டும்தாங்க. மிச்சம்லாம் அவளே" என்றேன்.

"கிளவுஸ் கம்பெனிக்கு போன் பண்ணி வரமாட்டான்னு சொல்லிட்டேன். இப்போ இன்னா பண்ணலாம் மேடம்? எந்தக் காலேஜுல போடலாம்? நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. எந்தப் பாலிடெக்னிக், எப்போது விண்ணப்பம், எந்த பஸ் எல்லாமே விசாரித்து வைத்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்தது.

"ரூபியக் கேளுங்க" என்றேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உனுக்கு இன்னா வேணும்?"

ரூபி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. "உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி நைனா."

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். எங்கே போட வேண்டும் என்று கேட்டார். ரூபி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இரு. மொதல்ல நான் படிச்சுக் காட்டறேன். உனுக்குப் புரிஞ்சா போடு, இல்லனா போடாத."

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வரிவரியாக வைத்துப் படித்தாள். ஏசுபாதம் தூக்கக் கலக்கத்தை உதறிவிட்டுக் கேட்டார். ஹாஸ்டலா, தினமும் போய் வரணுமா என்று கேட்டார். மூணு வருஷம் எதுக்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். நான் ஸ்வீட் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சும்மா நின்றேன். கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டு அவள் பேனாவை நீட்டினாள். "இங்க" என்றாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, அவர் கையெழுத்துப் போட்டார்.